சூசைப்பிள்ளை சாகாத அத்தியாயம்

கப்பலில் இருந்து
18.01.2024, வியாழன்

அன்புள்ள மலருக்கு,

இந்தக் கடிதத்தைப் பஹ்மி கொண்டுவந்து தருவார். வியாழக்கிழமைகளில் எங்களுக்குச் சாப்பாட்டுச் சாமானும் குடிதண்ணீரும் ஏற்றிவருகிற மூதூர்ப் படகுக்காரர். நல்ல மனுசன். என் மேல் உள்ள கோபத்தில் அவருக்கு முன்னால் கதவைச் சாத்திவிடாதேயும்.

போன் இருக்கத்தக்கதாக ஏன் கடிதம் என்று கேட்பீர். ஜெனரேட்டருக்கு எண்ணெய் முடிந்து ஒரு மாதமாகிறது. பஹ்மி ஒவ்வொரு கிழமையும் என் போனைக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டுத் தருவார். அது ஒரு நாள் தாங்கும். போன கிழமை அந்த ஒரு நாளில் உமக்குப் பதினொரு தரம் எடுத்தேன். எடுக்க மாட்டீர் என்று தெரிந்துதான் எடுத்தேன்.

முதலாளி கைவிட்ட கப்பல், வழக்கு முடியும் வரை அசையாது. கப்டனும் மற்றவர்களும் நவம்பரிலேயே விமானம் ஏறிவிட்டார்கள். இப்போது நானும் சீஃப் எஞ்சினியர் குணரத்தினம் ஐயாவும் மட்டும்தான். நீதிமன்றம் கப்பலை விற்கும் வரைக்கும் பொறுப்பாக இரண்டு பேர் நிற்க வேண்டுமாம். மேல்தட்டில் நின்றால் ஒரு பக்கம் மூதூர் தெரிகிறது, மற்றப் பக்கம் நம்முடைய ஊர். காற்று வாய்த்தால் கோவில் மணியும் கேட்கும். ஒரு மணித்தியாலம் நீந்தினால் கரை. ஆனால் உத்தரவில்லாமல் கரையில் கால் வைத்தால் நேரே மறியல், சிறையில் போட்டுவிடுவார்கள்.

எழுத வந்த விசயம் வேறு. டிசம்பரில் பூசணிக்காய் சுற்றி வந்த ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் உம்முடைய தொடர்கதையைக் கண்டேன். 'பதினெட்டுப் பாகம், எழுதுபவர் இன்பமலர் அஞ்சலோ.' கடலின் ஆழம் அளக்கிற பாகத்தைத் தலைப்பாக வைத்திருக்கிறீர். என்னுடைய பெயரை நீர் இன்னும் எடுத்துவிடவில்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன். பிறகு பஹ்மியைக் கொண்டு பழைய பேப்பர்களையும் தேடி எடுப்பித்து, பத்தொன்பது அத்தியாயமும் வாசித்துவிட்டேன். நான்காவதும் ஒன்பதாவதும் மட்டும் கிடைக்கவில்லை.

கடலுக்கு அடியில் கிடக்கிற பழைய யுத்தக் கப்பல்களில் இரும்பு வெட்டுகிற சஞ்சீவனை எனக்குப் பிடிக்கிறது. அவனுக்குச் சுழியோடப் பழக்கிய சூசைப்பிள்ளையை அதைவிடப் பிடிக்கிறது. ஆனால் போன ஞாயிறு அந்த மனுசன் தன் நல்ல ஷேர்ட்டைச் சஞ்சீவனுக்குக் கொடுக்கிறார், பகைத்திருந்த தம்பியோடு போய்க் கதைக்கிறார். எனக்கு விளங்கிவிட்டது. நீர் அவரைச் சாகடிக்கப் போகிறீர்.

வேண்டாம் மலர். அவரை உயிரோடு விடும்.

அஞ்சலோ


பாலையூற்று
24.01.2024

அஞ்சலோவுக்கு,

ஒன்பது வருசம். கல்யாணம் கட்டிய வருசம் என் முதல் கதை அச்சில் வந்தது. பேப்பரைக் கொண்டுவந்து உங்கள் கையில் தந்தேன். குசினியில் அதை விரித்து, அதன் மேல் வைத்துப் பாரை மீன் வெட்டினீர்கள். இப்போது வாசிக்க வேறொன்றும் இல்லாத இடத்தில் மாட்டுப்பட்டபின் எனக்குக் கதை எழுதப் பழக்க வருகிறீர்கள்.

ஒக்டோபரில் கப்பல் இங்கே வந்தபோது என்ன சொன்னீர்கள்? இந்த ஒப்பந்தத்தோடு சரி, நவம்பர் முடிய இறங்கிவிடுவேன், கடற்கரைப் பக்கம் படகு எஞ்சின் திருத்துகிற கடை போடுவேன் என்றீர்கள். கடைக்கு இடம்கூடப் பார்த்து வைத்தேன். பிறகு ஒரு நாள் போன் வருகிறது: "மலர், ஒரு கடதாசியில கையெழுத்து வைச்சிட்டன். ரெண்டு கிழமைதான்." என்னோடு ஒரு சொல் கதைத்துவிட்டு வைத்திருக்கலாம். அந்த இரண்டு கிழமை இப்போது இரண்டு மாதம்.

நான் போன் எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். எழுத்தில் என்றால் கோபப்படலாம்.

சூசைப்பிள்ளை விசயம். அவர் சாகத்தான் வேண்டும். சஞ்சீவன் நல்லவன், அவனுடைய பிரச்சினையே அதுதான். முதலாளி பழுதான காற்று மெசினைத் தந்து ஆட்களைக் கடலுக்குள் இறக்குகிறான் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் சூசைப்பிள்ளை "பொறு" என்கிறார், இவனும் பொறுக்கிறான். தொழில் தந்த மனுசன் என்ற நன்றி. அவர் இருக்கும் மட்டும் அவன் அந்தப் படகை விட்டு இறங்க மாட்டான். இருபத்தேழாம் அத்தியாயத்தில் அவர் செத்தால் அன்றைக்கே இறங்குவான். முதலாளியை எதிர்ப்பான், சங்கம் கட்டுவான், நாற்பதாம் அத்தியாயத்தில் ஊரே அவனுக்குப் பின்னால் நிற்கும். ஆசிரியருக்கு அப்படித்தான் சொல்லி ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

நான்காவதும் ஒன்பதாவதும் இத்தோடு வைத்திருக்கிறேன்.

இன்பமலர்


கப்பலில் இருந்து
08.02.2024

அன்புள்ள மலருக்கு,

மீன் வெட்டியது உண்மை. இத்தனை வருசமாய் அதை நீர் மனதில் வைத்திருப்பீர் என்று நான் நினைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டால் காணாது என்று தெரியும். கேட்கிறேன்.

போன கிழமை பதில் எழுத ஏலவில்லை. எழுத விசயம் இல்லாமல் இல்லை, மனம்தான் எழும்பவில்லை. விடிந்தால் தண்ணீர்த் தாங்கியில் கம்பு விட்டு அளக்கிறோம், நங்கூரச் சங்கிலியைப் பார்க்கிறோம், பருப்புக் காய்ச்சி ரொட்டி சுடுகிறோம். பொழுதுபட்டால் விளக்கு இல்லை. ஒரு நாள் ஐயாவோடு ஒரு சொல்லும் கதைக்காமல் இருந்துவிட்டேன். காரணமில்லை. அவர் தேத்தண்ணி குடிக்கிற சத்தம் எனக்கு ஆகவில்லை, அவ்வளவுதான். அடுத்த நாள் வெட்கமாக இருந்தது. இருபது வயதில் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றியவர். கையை எஞ்சினில் வைத்து அதன் நோயைப் பிடிக்கப் பழக்கியவர். மனைவி செத்து, பிள்ளைகளும் இல்லாமல், மூதூரில் பூட்டிக் கிடக்கிற ஒரு வீடுதான் அவருக்குச் சொந்தம்.

அவருடைய இடது கால் பெருவிரலில் புண். சீனி வருத்தம் உள்ள மனுசன், புண் லேசில் ஆறாது. சப்பாத்துப் போட்டு மறைக்கிறார். மணத்தில்தான் எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

"நான் போனா நீ தனியத்தானே நிக்கப்போறாய் தம்பி. உன்னை விட்டிட்டு எப்பிடிப் போறது?" என்றார்.

உம்முடைய கதையை அவருக்கும் வாசித்துக் காட்டுகிறேன். அவருக்குக் கண் தெளிவில்லை. இருபத்திரண்டு முடிந்ததும், "அந்தக் கிழவன் இன்னும் சாகேல்லையோ?" என்று கேட்டார்.

"சாகக் கூடாது எண்டு எழுதியிருக்கிறன்" என்றேன்.

"சாகட்டும் விடு. கிழவன் போனாத்தான் பெடியன் தலை நிமிருவான்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அவர் இருக்கும் மட்டும் இவன் இறங்க மாட்டான், செத்தால் அன்றைக்கே இறங்குவான் என்று நீர் எழுதியதை மட்டும் நான் அவருக்கு வாசிக்கவில்லை. அந்தத் தாளை மடித்து என் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். ஏன் என்று கேளாதேயும்.

அஞ்சலோ


பாலையூற்று
21.02.2024

அஞ்சலோவுக்கு,

நான் படிப்பிக்கிற வகுப்பு இந்த வருசம் மேல்மாடிக்குப் போய்விட்டது. யன்னலால் உங்கள் கப்பல் முழுதாகத் தெரிகிறது. பிள்ளைகள் அதற்கு 'டீச்சரின்ர கப்பல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று எழுதினாலும் முதுகுக்குப் பின்னால் அது நிற்கிறது. சந்தையில் காண்கிறவர்கள், "அவர் எப்ப வாறார்?" என்று கேட்கிறார்கள். இங்கேதான் நிற்கிறார் என்பதா, இல்லை என்பதா? உங்களை மட்டும்தான் மறித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

சட்டத்தரணி ஜெயரூபியிடம் போனேன். என்னோடு படித்தவள். நீங்கள் கையெழுத்து வைத்த கடதாசியின் பிரதியை எடுப்பித்துப் பார்த்தாள். அதில் இரண்டு கிழமை என்று ஓர் இடத்திலும் இல்லை. 'கப்பல் விற்கப்படும் வரை அல்லது நீதிமன்றம் விடுவிக்கும் வரை' என்றுதான் இருக்கிறது. விற்பனை இழுபட்டால் வருசக் கணக்காகலாமாம். முழுவதும் ஆங்கிலம். கீழே, 'இவருக்குத் தமிழில் விளங்கப்படுத்தப்பட்டது' என்று ஒரு வரி, அதற்கு வேறொருவரின் கையெழுத்து. பிரதியில் அது மங்கலாக இருக்கிறது. யார் உங்களுக்கு விளங்கப்படுத்தியது? உங்கள் பெயரை யார் கொடுத்தது? யோசித்து எழுதுங்கள்.

மருந்துச்சீலையும் புண்ணுக்குப் போடுகிற மருந்தும் அனுப்புகிறேன். அவை குணரத்தினம் அண்ணைக்கு, உங்களுக்கல்ல. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி நான் சொன்னதாகவும் சொல்லுங்கள்.

இருபத்தேழாம் அத்தியாயத்தை எழுதி முடித்துவிட்டேன். சூசைப்பிள்ளையின் காற்றுக் குழாய் உடைந்த கப்பலுக்குள் சிக்குகிறது. கயிற்றை இழுத்துச் சைகை காட்டுகிறார். சஞ்சீவன் மேலே தூக்கி எடுக்கும்போது உயிர் இல்லை. நன்றாக வந்திருக்கிறது. மார்ச் ஆறாம் திகதி அனுப்ப வேண்டும்.

தலையணைக்குக் கீழே வைத்திருக்கிற தாளைப் பற்றி நான் கேட்கவில்லை. ஆனால் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மலர்


கப்பலில் இருந்து
07.03.2024

மலர்,

ஐயாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது உமக்குத் தெரிந்திருக்கும். தெரியாத ஒன்றை எழுதுகிறேன். தனிய இருந்து வாசியும்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று மணி இருக்கும். எஞ்சின் அறையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டு இறங்கினேன். இரும்புப் படியின் அடியில் ஐயா கிடந்தார். ஒரு கால் மடிந்து, முகம் சாம்பல் நிறமாய். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. உதவி கேட்க வேண்டுமென்றால் மூன்று தட்டு ஏறி மேலே போய் ரேடியோவில் கூப்பிட வேண்டும். அதற்கென்று ஒரு பற்றரியை மிச்சம் பிடித்து வைத்திருந்தோம்.

நான் போகவில்லை. நின்றேன்.

ஓடிப் போகத்தான் நிமிர்ந்தேன். நிமிர்ந்த இடத்திலேயே உம்முடைய வரி ஞாபகம் வந்தது. இவர் செத்தால் இந்தக் கப்பலை இரண்டு பேர் பார்க்கிற கதை முடிந்துவிடும், என்னையும் இறக்கத்தான் வேண்டிவரும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்லுவது சரியில்லை. எப்போதோ நினைத்து வைத்திருந்தது அந்த நேரம் வெளியில் வந்தது. குழாயொன்றில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதை எண்ணினேன். நாற்பது வரைக்கும் எண்ணினேன், மலர்.

பிறகு பார்த்தேன், அவருடைய கண் திறந்திருந்தது. வாய் அசையவில்லை, கை அசையவில்லை. கண் மட்டும் என்னைப் பார்த்தது. எப்போதிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியாது.

அதற்குப் பிறகுதான் ஓடினேன். துறைமுகப் படகு வந்து, தூக்குப் படுக்கையில் கட்டி இறக்கினார்கள். என்னையும் கூட ஏறவிடச் சொல்லிக் கெஞ்சினேன். "ஒருத்தராவது நிக்கவேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கடதாசியை யார் விளங்கப்படுத்தியது என்று கேட்டிருந்தீர். ஐயாதான். "ரெண்டு கிழமைதான் தம்பி, வை" என்றார். அவருக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

அவர் பிழைப்பாரா? பஹ்மியிடம் ஒரு வரி சொல்லி விடும்.

அஞ்சலோ


பாலையூற்று
13.03.2024

அஞ்சலோவுக்கு,

பிழைத்துவிட்டார். இடது காலில் மூன்று விரல் எடுத்திருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு ஒரு நாள் முழுக்க அடுப்பு மூட்டவில்லை. சனிக்கிழமைதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கடிதம் கைப்பைக்குள் இருந்தது. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார்.

"பிள்ளை, உம்முடைய மனுசனாலதான் நான் இருக்கிறன். விழுந்த சத்தம் கேட்ட உடனேயே ஓடினவன். ஒரு நிமிசம் பிந்தியிருந்தா முடிஞ்சுது எண்டு டொக்டர் சொல்லுறார்."

நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் போர்வையைச் சரிசெய்தார். அவருக்குத் தெரியும், அஞ்சலோ. எல்லாம் தெரிந்துகொண்டுதான் தாதிக்கும் டொக்டருக்கும் பக்கத்துக் கட்டில்காரனுக்கும் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எழும்பி வரப் போனபோது மறித்தார். "இரும். இன்னொண்டு கிடக்கு" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கப்டனும் ஆக்களும் போகப்போகினம் எண்டு அறிஞ்சதும் எனக்குப் பயம் பிடிச்சிட்டுது பிள்ளை. நாப்பது வருசம் கடலில நிண்டனான், ஆளில்லாத கப்பலில தனிய நிக்கிறதை மட்டும் நினைச்சுப் பார்க்க ஏலாமல் போச்சு. ரெண்டாவது ஆள் ஆர் எண்டு ஏஜென்ட் கேட்டான். இவன்ர பேரைச் சொன்னனான். கடதாசியில கிடந்தது எனக்கு வடிவா விளங்கினது. இவனுக்கு ரெண்டு கிழமை எண்டு பொய் சொன்னனான். விளங்கப்படுத்தினதெண்டு கையெழுத்தும் நான்தான் வைச்சனான்."

"இதை ஏன் இப்ப எனக்குச் சொல்லுறீங்கள்?" என்று கேட்டேன்.

"செத்திருந்தா சொல்லியிருக்க மாட்டனே."

ஜெயரூபியைக் கூட்டிக்கொண்டு திரும்பப் போனேன். அவள் சொன்னதைக் கவனமாக வாசியுங்கள். அவர் செத்திருந்தால் நீங்கள் இறங்கியிருக்க மாட்டீர்கள். அந்தக் கடதாசியில் மிஞ்சுகிற ஒரே பெயர் உங்களுடையது. பொய் சொல்லி வாங்கிய கையெழுத்து என்று சொல்லவும் உலகத்தில் ஒரு ஆள் இருந்திருக்காது. கப்பல் விற்கும் வரைக்கும் தனிய நின்றிருப்பீர்கள். நீங்கள் நின்று எண்ணியது உங்கள் விடுதலைக்கு அல்ல.

அவர் நடந்ததை எழுதி நீதிமன்றத்துக்குச் சத்தியக்கடதாசி கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். ஏப்ரல் நான்காம் திகதி கொழும்பில் விசாரணை. நீதிமன்றத்துக்குப் பொய் எழுதியதற்கு அவரைக் கூப்பிட்டு விசாரிக்கலாம், தண்டனையும் வரலாம். அதையும் ஜெயரூபி அவருக்குச் சொன்னாள். தலையை ஆட்டினார்.

நான் எழுதி வைத்த இருபத்தேழு அந்தப் புதன்கிழமை போகவில்லை. செவ்வாய் பின்னேரமே பஹ்மி போன் எடுத்து ஐயா விழுந்ததைச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு கிழவனின் சாவை உறையில் போட்டு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. சுகமில்லை என்று ஆசிரியருக்குச் சொல்லி ஒரு கிழமை தவணை வாங்கினேன். நேற்றுப் புதிதாக எழுதி அனுப்பினேன். சூசைப்பிள்ளை மூச்சோடு மேலே வருகிறார்.

இனி சஞ்சீவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. கோபத்தோடு எழும்ப அவனுக்கு ஒரு பிணம் இல்லை. பக்கத்தில் இருமிக்கொண்டு ஒரு மனுசன் இருக்கிறார். நாற்பது அத்தியாயத்துக்குப் போட்ட திட்டத்தில் பதின்மூன்று குப்பைக்குப் போய்விட்டது.

ஒன்று கேட்கிறேன். கயிறு இழுபட்டதும் சஞ்சீவன் கொஞ்ச நேரம் நின்றான் என்று எழுதலாமா? நீங்கள் வேண்டாம் என்றால் எழுத மாட்டேன்.

மலர்


கப்பலில் இருந்து
21.03.2024

மலர்,

உம்முடைய கடிதத்தை வாசித்துவிட்டு ஐயாவின் அறைக்குள் போய் அவருடைய பெட்டியைத் தூக்கி எறிந்தேன். சப்பாத்து, சவரக் கத்தி, மனைவியின் படம் எல்லாம் நிலத்தில் கொட்டுண்டன. நாலு மாதம். என் மனைவியின் குரலை நாலு மாதம் கேட்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, 'உன்னை விட்டிட்டு எப்பிடிப் போறது' என்று கேட்ட மனுசன்.

பிறகு எல்லாவற்றையும் பொறுக்கி அடுக்கி வைத்தேன். அதற்கு ஒரு பின்னேரம் சென்றது.

தனிய நிற்பதைப் பற்றி அவர் பயந்தது சரிதான். கப்பல் தன் பாட்டில் சத்தம் போடுகிறது. இரும்பு வெயிலுக்கு விரிகிறது, பொழுதுபடச் சுருங்குகிறது. ஆள் நடப்பது போலவே கேட்கும். நேற்று, "ஆர்?" என்று கேட்டுவிட்டேன். என்னுடைய குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. ஒரு மனுசன் இதற்குப் பயந்து பொய் சொல்லலாம் என்று விளங்குகிறது. விளங்குகிறபடியால் கோபம் குறையவில்லை.

ஜெயரூபியிடம் சொல்லும், அந்தச் சத்தியக்கடதாசியைக் கொடுக்க வேண்டாம். விரல் போன காலோடு அவர் கொழும்புக்குப் போய் நீதவானுக்கு முன்னால் நிற்க வேண்டாம். நான் நாற்பது வரைக்கும் எண்ணினதை அவர் மறைக்கிறார். அவர் செய்ததைச் சொல்லி நான் எப்படி இறங்குவது? அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் லேசாக இருந்திருக்கும்.

சஞ்சீவன் நின்றதை எழுதும். கொஞ்ச நேரம் என்று எழுத வேண்டாம். நாற்பது என்றே எழுதும்.

அஞ்சலோ


பாலையூற்று
27.03.2024

அஞ்சலோவுக்கு,

கடதாசி திங்கட்கிழமையே கொடுத்தாயிற்று. நீங்கள் சொன்னதைக் குணரத்தினம் அண்ணைக்குச் சொன்னேன். அவர் கோபப்பட்டு நான் கண்டது அதுதான் முதல் தரம். "என்ர வாயை மூட அவன் ஆர்? நான் செய்ததைச் சொல்லுறதுக்கு அவனிட்ட உத்தரவு கேட்கவேணுமோ?" என்றார்.

அவர் சொல்லுவது சரி. அது அவருடைய பிழை. அதைச் சொல்லுவதும் விடுவதும் அவருடைய விருப்பம். உங்களுடையது உங்களிடம் இருக்கிறது.

நாளைக்குப் பெரிய வியாழன். கோவிலுக்குப் போவேன். உங்களுக்காக மன்றாடுவேனா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.

மலர்


கப்பலில் இருந்து
18.04.2024

அன்புள்ள மலருக்கு,

இன்றைக்குப் படகு கிட்ட வருமுன்னரே பஹ்மி எழும்பி நின்று கத்தினார். "அஞ்சலோ அண்ணன்! ஓடர் வந்திட்டாம்! வாற வியாழன் உங்கள எறக்குறாங்களாம்!"

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சந்தோசப்பட வேண்டும் என்று தெரிந்தது. உடம்பு சந்தோசப்படவில்லை. ஒழுங்காய்ச் சொல்லச் சொன்னேன். நீதிமன்றம் இரண்டு காவலாட்களை அனுப்புகிறதாம், அவர்கள் ஏறினதும் நான் இறங்கலாமாம். ஐயா ஜூலையில் கொழும்புக்குப் போய் விளக்கம் சொல்ல வேண்டுமாம்.

உம்முடைய முப்பத்தோராம் அத்தியாயத்தைக் கொண்டுவந்து தந்தார். இறங்குதுறையில் எல்லாச் சுழியோடிகளுக்கும் முன்னால் சஞ்சீவன் சொல்லுகிறான்: கயிறு இழுபட்டது எனக்குத் தெரியும், நான் நாற்பது வரைக்கும் எண்ணிக்கொண்டு நின்றேன். ஒருவரும் அவனுக்குப் பின்னால் நிற்கவில்லை. இரண்டு பேர் காறித் துப்புகிறார்கள். பிறகு சூசைப்பிள்ளை இருமி இருமிச் சொல்லுகிறார்: மெசின் பழுது என்று எனக்கும் தெரியும், வேலை போய்விடும் என்று நானும் வாய் திறக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து பொலிசுக்கு முறைப்பாடு கொடுக்கப் போகிறார்கள், வழியில் ஒரு சொல் கதைக்காமல். அந்த நடையை வாசித்துவிட்டுப் பேப்பரை மடித்தேன்.

நான் சஞ்சீவன் இல்லை. எனக்கு அந்த நெஞ்சு இல்லை.

பஹ்மி என்னை இறங்குதுறையில் விடுவார். அங்கிருந்து ஆஸ்பத்திரி கிட்ட, வீடு தூரம். முதலில் எங்கே போக வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ஐயாவிடம் போனால் என்ன சொல்லுவது? போகாமல் வீட்டுக்கு வந்தால் நீர் என்னை உள்ளே விடுவீரா? நீர் சொல்லும். சொல்லுகிறபடி செய்கிறேன்.

அஞ்சலோ


பாலையூற்று
24.04.2024

அன்புள்ள அஞ்சலோ,

இதைப் பஹ்மி உங்களிடம் தரும்போது காவலாட்கள் கப்பலில் ஏறியிருப்பார்கள். படகில் இருந்து வாசியுங்கள்.

தொடர் போன ஞாயிறோடு முடிந்துவிட்டது. ஆசிரியர் முப்பத்திரண்டோடு நிறுத்தச் சொன்னார். வாசகர்களுக்குப் பிடிக்கவில்லையாம். கிழவன் செத்திருக்க வேண்டும், பெடியன் பழிவாங்கியிருக்க வேண்டும் என்று கடிதங்கள் வந்தனவாம். கதையில் முதலாளிக்கு மேல் வழக்குப் போட்டார்கள், அது நடக்கிறது. சங்கம் இல்லை, மாலை இல்லை. கடைசி அத்தியாயத்தில் சஞ்சீவன் வேறொரு படகில் கூலிக்குப் போகிறான். சூசைப்பிள்ளை இனிக் கடலுக்குள் இறங்க ஏலாதவர், கரையில் இருந்து அவனுக்குக் காற்று மெசின் பார்க்கிறார். அவர் பார்த்தால்தான் இவன் இறங்குவான். இவன் இறங்கினால்தான் அவர் பார்ப்பார். இதைவிடப் பெரிதாக அவனுக்கு ஒரு வாழ்க்கை என்னால் கொடுக்க முடியவில்லை. ஆனால் நான் எழுதினதில் இதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

நெஞ்சு இல்லை என்று எழுதியிருந்தீர்கள். சஞ்சீவனுக்கும் இருக்கவில்லை. சூசைப்பிள்ளை செத்திருந்தால் அவன் ஒரு காலமும் அதைச் சொல்லியிருக்க மாட்டான். பெரிய ஆளாகியிருப்பான், அவ்வளவுதான். தன்னைப் பார்த்த கண் ஒன்று உயிரோடு இருந்தபடியால் சொன்னான்.

நீங்கள் செய்ததை நான் மன்னிக்கவில்லை. அண்ணை செய்ததையும் மன்னிக்கவில்லை. எப்போது மன்னிப்பேன் என்று கேட்க வேண்டாம். எனக்கே தெரியாது. ஐந்து மாதம் போன் எடுக்காமல் இருந்ததற்கு நீங்களும் என்னை மன்னிக்கத் தேவையில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். அண்ணையைப் போன வெள்ளிக்கிழமை துண்டு வெட்டி, இனி வீட்டுக்குப் போகலாமென்று அனுப்பிவிட்டார்கள். கிழமைக்கு மூன்று நாள் இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்து மருந்து கட்ட வேண்டும். மூதூரில் பூட்டிக் கிடக்கிற வீட்டில் அவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. நான்தான் ஓட்டோவில் கூட்டிவந்தேன். நம்முடைய முன் அறையில் கட்டில் போட்டிருக்கிறேன். நீங்கள் நாளைக்கு வருகிறீர்கள் என்று அவருக்குத் தெரியும். காலையிலேயே முகம் வழித்துவிட்டு, கதிரையில் வாசலைப் பார்த்தபடி இருக்கிறார். சாப்பிடச் சொன்னேன், பசியில்லை என்கிறார்.

அந்த நாற்பதைப் பற்றி நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அது உங்கள் இரண்டு பேருக்கும் இடையில் உள்ளது.

உங்களை எனக்குத் தெரியும். கிணற்றடியால் சுற்றிக் குசினிக்குள் வந்து ஒளிக்கப் பார்ப்பீர்கள். குசினிக் கதவைப் பூட்டி வைப்பேன்.

முன் கதவால் வாருங்கள்.

மலர்